கரைவலையும் மெய்நிகர் கணினியும்: வரிசை தவறினால் நேர்வது என்ன?

அரச அலுவலகங்களின் கடிதப் போக்குவரத்து ஒரு நாட்டின் நினைவு எனலாம். அந்த நினைவில் மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட பகுதி 2023 ஆம் ஆண்டில் நமது நாட்டில் அழிந்து போனது. இலங்கை அரச முகில் எனப்படும் பொதுக் கணினிக் கட்டமைப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் கப்பம் கோரும் தீய மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. 12 மணித்தியாலத்துக்குள் கட்டமைப்பு மீள இயங்க வைக்கப்பட்டதாக அதனைப் பராமரித்து வந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் தெரிவித்தது. ஆயினும், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் கட்டமைப்புக்கு வெளியே வைக்கப்பட்ட காப்புப் பிரதி எதுவும் இருக்கவில்லை. அவை மீளவே இல்லை.

தாக்குதல் பற்றி அப்போது நிறையவே எழுதப்பட்டது. காப்புப் பிரதி எடுத்தல் பற்றி எழுதப்பட்டது சொற்பம். அது எவர் கண்ணிலும் படாமல், இரவு நேரங்களில், கணினியின் பின்னணியில் தானாக நடைபெற வேண்டிய பணியாகும். இத்தகைய பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக எவ்வாறு நடைபெறுகின்றன, எங்கே தவறுகின்றன என்பதைச் சாதாரண வாசகரும் அறிந்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நமது கருத்து.

காரணம் எளிது. 2023 ஜூலை முதல் அஸ்வெசும கொடுப்பனவு யாருக்கு உரியது என்பதைக் கணினியில் உள்ள தரவுகளே காட்டுகின்றன. 2025 பெப்ரவரியில் அரச கட்டணங்களை இணையவழி செலுத்துவதற்கான கவ்பே ஆரம்பமானது. கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் உள்ள கண்டக்குழி மீனவக் குடும்பம் ஒன்றின் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பது, அக்குடும்பத்தினர் ஒருநாளும் காணப்போகாத ஓர் இயந்திரம் சரிவர அமைக்கப்பட்டதா என்பதில் தங்கியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலானோருக்குப் புகலிடமளித்தது புத்தளம் மாவட்டம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் கையில் இல்லாமல் வந்திறங்கியவனுக்கே பதிவேட்டின் பெறுமதி முழுமையாகத் தெரியும். பதிவேடு கணினிக்குள் சென்றுவிட்ட இக்காலத்தில், கணினியைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையும் அவனுக்கு உண்டு.

மெய்நிகர் கணினி என்பது யாது?

ஒரு பெரிய கட்டடத்தைப் பல வீடுகளாகப் பிரித்து வாடகைக்கு விடுவதைப் போன்று, ஆற்றல் மிக்க ஒரு கணினியைப் பல கணினிகளாகப் பிரித்துப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் தனக்கென நினைவகம், சேமிப்பிடம், வலையமைப்பு முகவரி, இயங்குதளம் ஆகியன உண்டு. தான் தனியொரு கணினி என்றே அது நடந்துகொள்ளும். இதுவே மெய்நிகர் கணினி எனப்படுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் தனது பெருங்கணினிகளில் இம்முறையை உருவாக்கி, 1972 இல் வி.எம். 370 என்ற பெயரில் வெளியிட்டது. சாதாரண கணினிகளுக்கு அதனைக் கொண்டுவந்தது 1998 இல் தொடங்கப்பட்ட வி.எம்.வெயார் நிறுவனம். 2006 இல் அமேசன் நிறுவனம் மெய்நிகர் கணினிகளை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிய பின்னரே முகிற் கணிமை என்ற சொல் எங்கும் பரவியது. நமது அரச முகிலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இதன் நன்மை கண்கூடு. புதிய சேவையொன்று வேண்டுமானால் புதிதாக இயந்திரம் இறக்குமதி செய்து, சுங்கத்தில் காத்திருந்து, கொழும்பில் பூட்ட வேண்டியதில்லை. சில நிமிடங்களில் புதிய கணினியொன்றை உருவாக்கிவிடலாம். ஆனால் உருவான கணினி வெற்று வீடு போன்றது. அதனைக் குடியிருக்கத் தகுந்ததாக்கும் வேலை அதற்குப் பின்னரே ஆரம்பமாகிறது.

ஒரு பிரதேச செயலகத்தின் பதிவேட்டுச் சேவையை உதாரணமாகக் கொள்வோம். முதலில் சேமிப்பிடம் ஒதுக்கப்பட வேண்டும். பின்னர் இயங்குதளம் நிறுவப்பட வேண்டும். அதன்பின் வலையமைப்பு முகவரி, பாதுகாப்புத் திருத்தங்கள், பயனர் கணக்குகள், தரவுத்தளம், பழைய பதிவுகளை ஏற்றுதல், பதிவுகளைப் படிக்கும் மென்பொருள், காப்புப் பிரதிக்கான ஏற்பாடு என்பன வரிசையாக வரும். இவை யாவும் முடிந்த பின்னரே பொதுமக்களுக்கான வாசல் திறக்கப்பட வேண்டும். தரவுத்தளம் எழும்புமுன் மென்பொருளை இயக்கினால் அது வெறுமையைப் படித்துவிட்டு நின்றுபோகும். பாதுகாப்புத் திருத்தத்துக்கு முன் வாசலைத் திறந்தால் திருடன் முதலில் நுழைவான்.

இருபது கணினிகளுக்கு இவ்வளவையும் ஒருவர் கையால் செய்வதென்றால் நாட்கள் கழியும். எட்டாவது கணினியில் ஒரு படியை மறந்தும் விடுவார். எனவேதான் செய்ய வேண்டியவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிக் கணினியிடமே ஒப்படைக்கின்றனர். ஸ்கிரிப்ட் எனப்படும் இந்தக் கட்டளைக் கோவை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க, பொறியியலாளர் வேறு பணியைக் கவனிக்கலாம்; வீட்டுக்கும் போகலாம்.

கரைவலை கற்பிக்கும் பாடம்

வரிசை என்றால் என்னவென்பதைக் கரைவலைத் தொழில் செய்வோருக்கு விளக்கத் தேவையில்லை. கயிற்றின் ஒரு நுனி கரையில் நிற்போர் கையில் இருக்கும். தோணி கயிற்றை விட்டுக்கொண்டே கடலுக்குள் செல்லும். பின்னர் வலையின் ஒரு பக்கம், நடுவில் மடி, அதன்பின் மறுபக்கம் என இறக்கி, அரைவட்டமாக வளைந்து, மறுநுனிக் கயிற்றோடு வேறோர் இடத்தில் கரைக்குத் திரும்பும். அதுவரை ஒன்றன்பின் ஒன்று. மறுநுனி கரைக்கு வந்த பின்னர் இரு அணியினரும் ஒரே நேரத்தில் இழுப்பர். அதுமுதல் இணைந்த வேலை.

மறுநுனி வருமுன் ஓர் அணி இழுக்கத் தொடங்கினால் வலை கோணும், மீன் தப்பும். இரு அணியும் ஒரே வேகத்தில் இழுக்காவிட்டால் மடி ஒருபுறம் சாயும். எது காத்திருக்க வேண்டிய வேலை, எது கூட்டாகச் செய்யக்கூடிய வேலை என்பதைப் பிரித்தறிவதே சம்மாட்டியின் திறமை. கட்டளைக் கோவை எழுதுபவரின் திறமையும் இதுவே. பயனர் கணக்குகள் உருவாகும் அதே வேளையில் வேறொரு கணினியில் இயங்குதளம் நிறுவப்படலாம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. தரவுத்தளமும் அதனைப் படிக்கும் மென்பொருளும் அவ்வாறல்ல. முன்னேர் போன வழியேதான் பின்னேர் போக வேண்டும்.

இங்கே அடிக்கடி நிகழும் தவறொன்று உண்டு. தரவுத்தளம் எழும்ப வழமையாக ஒரு நிமிடம் பிடிக்கிறது என்று கண்ட ஒருவர், "ஒரு நிமிடம் காத்திரு, பின்னர் அடுத்த வேலையைத் தொடங்கு" என்று கோவையில் எழுதிவிடுகிறார். தோணி அரை மணித்தியாலத்தில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, கயிறு கைக்கு வந்ததா என்று பாராமலே இழுக்கத் தொடங்குவதற்கு இது ஒப்பானது. கடல் அமைதியாக உள்ள நாட்களில் கணக்குப் பலிக்கும். காற்று எழும்பிய நாளில் பலிக்காது. கணினிக்குச் சுமை கூடிய நாளில் தரவுத்தளம் எழும்ப மூன்று நிமிடங்கள் ஆகலாம். காத்திருக்க வேண்டியது நேரத்துக்காக அல்ல, விடைக்காக. "தயாரா?" என்று தரவுத்தளத்தைக் கேட்டு, "ஆம்" என்ற பதில் வந்த பின்னரே அடுத்த அடி வைக்க வேண்டும். பதில் வராமலே போனால் எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது அபாயமணி அடிப்பது என்பதும் கோவையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உபுண்டு இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் இதன் இன்னொரு வடிவத்தை அறிவர். புதிய மெய்நிகர் கணினி எழும்பியவுடனே, பாதுகாப்புத் திருத்தங்களை அது தானாகவே பின்னணியில் இறக்கத் தொடங்கும். அவ்வேளையில் மென்பொருள் களஞ்சியம் பூட்டப்பட்டிருக்கும். நமது கட்டளைக் கோவை அதே வேளையில் மென்பொருள் நிறுவ முற்பட்டால் "பூட்டியிருக்கிறது" என்ற பதிலே கிடைக்கும். கணினி எழும்பிவிட்டது என்பதும் கணினி ஆயத்தம் என்பதும் வெவ்வேறு செய்திகள்.

மௌனமாகத் தோற்கும் பணிகள்

பின்னணிப் பணியின் பெரும் ஆபத்து அது தோற்பதில் இல்லை, தோற்றது தெரியாமல் இருப்பதிலேயே உள்ளது. 1970களில் யுனிக்ஸ் இயங்குதளத்தை வடிவமைத்தோர் இதனை உணர்ந்திருந்தனர். அக்காலத்தில் பெருங்கணினியோடு தொலைபேசி இணைப்பின் மூலமே பலர் தொடர்பு கொண்டனர். இணைப்பு அறுந்தால், அவர் தொடங்கிய வேலைகள் யாவற்றையும் கணினி நிறுத்திவிடும். அவ்வாறு நிறுத்தாதே என்று சொல்வதற்காக "நோஹப்" என்ற கட்டளை பிறந்தது. தொலைபேசி வாங்கியை வைத்துவிட்டாலும் வேலையை விடாதே என்பது அதன் பொருள். கற்பிட்டியில் இருந்துகொண்டு கொழும்பிலோ சிங்கப்பூரிலோ உள்ள கணினியை இயக்கும் இளைஞருக்கு, இணைப்பு இடையில் அறும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பழைய கட்டளையின் அருமை விளங்கும்.

ஒவ்வொரு வேலையும் முடியும்போது கணினி ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. பூச்சியம் என்றால் வெற்றி. வேறெந்த எண்ணும் தோல்வி. வெற்றி ஒரு வகையாகவும் தோல்வி பல வகையாகவும் இருக்கும் என்பதே இதன் தத்துவம். ஆனால் அந்த எண்ணைப் பார்க்குமாறு கோவையில் சொல்லாவிட்டால், கணினி மூன்றாம் படி தோற்றதைப் பொருட்படுத்தாமல் நான்காம் படிக்குச் செல்லும். பத்தாம் படி வரை சென்று "முடிந்தது" என்றும் எழுதிவிடும். சேமிப்பிடம் இணைக்கப்படாமலே பதிவுகள் ஏற்றப்பட்டதாக அறிக்கை வருவது இவ்வாறுதான்.

இதற்கு மென்பொருள் உலகம் நன்கறிந்த சான்று 2017 ஜனவரி 31 இல் நிகழ்ந்தது. மென்பொருள் எழுதுவோர் தமது ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில், இரவு நேரத்தில் சிக்கல் ஒன்றைத் தீர்த்துக்கொண்டிருந்த பொறியியலாளர் ஒருவர், துணைக் கணினியில் அழிக்க வேண்டிய தரவுத்தளத்தைப் பிரதான கணினியில் அழிக்கத் தொடங்கினார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவு மறைந்துவிட்டிருந்தது. காப்புப் பிரதியைத் தேடினர்; கிடைக்கவில்லை. நாளாந்தம் பிரதி எடுக்க வேண்டிய பின்னணிப் பணி, தரவுத்தளத்தின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய கருவியைப் பயன்படுத்தியதால் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரிய ஒப்பமின்றி அனுப்பப்பட்டமையால் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டிருந்தன. வேறொரு தேவைக்காகச் சுமார் ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் தற்செயலாக எடுக்கப்பட்ட பிரதியொன்றே தளத்தைக் காப்பாற்றியது. அந்த இடைவெளியில் சேர்ந்தவை அழிந்தன. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் வெளியிட்டமையாலேயே உலகம் இப்பாடத்தைக் கற்றது.

தீபாவளி நாளில் நடந்தது

2025 ஒக்டோபர் 20, தீபாவளித் திருநாள். நமது நேரப்படி நண்பகல் அளவில், அமெரிக்காவின் வட வேர்ஜினியாவில் அமைந்த அமேசன் முகிற் கட்டமைப்புத் தடுமாறியது. சிக்னல், ஸ்னாப்சாட் முதலான எத்தனையோ சேவைகள் உலகெங்கும் முடங்கின. எந்தத் திருடனும் நுழையவில்லை. எந்தக் கம்பியும் அறுபடவில்லை. பின்னணியில் ஓடிய இரு தானியங்கிப் பணிகள் வரிசை பிறழ்ந்தமையே காரணமென அந்நிறுவனம் பின்னர் விளக்கியது.

கட்டமைப்பின் முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் பணி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து நடைபெறும். அவற்றுள் ஒன்று வழமைக்கு மாறாகத் தாமதித்தது. மற்றையது புதிய பட்டியலை இட்டு முடித்து, பழையவற்றைத் துப்புரவாக்கத் தொடங்கிற்று. அக்கணத்தில், தாமதித்த பணி தன்னிடமிருந்த பழைய பட்டியலைப் புதியதன் மீது எழுதியது. துப்புரவுப் பணியோ அதனைப் பழையதென இனங்கண்டு நீக்கியது. முடிவில் முகவரிப் பட்டியல் வெறுமையாயிற்று. இரு பணிகளும் தத்தமக்கு இட்ட கட்டளையைச் சரியாகவே செய்தன. ஒன்றையொன்று பார்த்துச் செய்யவில்லை.

நமது விடயத்துக்கு நெருக்கமானது அதன் பின்னர் நேர்ந்ததே. முகவரிப் பட்டியல் மூன்று மணித்தியாலத்துக்குள் சரிசெய்யப்பட்டது. ஆனால் புதிய மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் பணி முழுமையாகச் சீரடையப் பதினான்கு மணித்தியாலம் வரை பிடித்தது. இடைவேளையில் தொடர்பு அறுந்துபோன எண்ணற்ற பெளதிகக் கணினிகளோடு ஒரே நேரத்தில் மீண்டும் தொடர்பு ஏற்படுத்தக் கட்டமைப்பு முயன்றது. வேலை குவிந்தது. ஒன்று முடியுமுன்னரே அதற்கான நேரம் காலாவதியாகி, அது மறுபடியும் வரிசையின் பின்னால் சேர்ந்தது. வரும் வேலையைப் பொறியியலாளர்கள் மட்டுப்படுத்திய பின்னரே குவியல் கரைந்தது. எல்லாரும் ஒரே கதவால் வெளியேற முண்டியடித்தால் எவரும் வெளியேறார் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

நுரைச்சோலை சொல்லும் அதே செய்தி

இந்த உண்மையைக் கற்பிட்டி மக்கள் தமது ஊரிலேயே கண்டனர். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டமையைத் தொடர்ந்து நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டதாக அமைச்சர் தெரிவித்தார். மாலைக்குள் பெரும்பாலான பகுதிகளில் ஒளி மீண்டது. ஆனால் கண்டக்குழிக்குத் தெற்கே அதே குடாநாட்டில், தலா 300 மெகாவாட் கொண்ட மூன்று இயந்திரங்களோடு நிற்கும் நுரைச்சோலை லக்விஜய மின் நிலையம் அவ்வாறு உடனே மீளவில்லை. அடுத்து வந்த நாட்களில் நாடு சுழற்சிமுறை மின்வெட்டைச் சந்தித்தது.

அனல்மின் நிலையத்தை ஆளியைத் தட்டி எழுப்ப முடியாது. முதலில் வேறிடத்திலிருந்து அதற்கு மின்சாரம் வர வேண்டும். அம்மின்சாரத்தால் குளிர்நீர்ப் பம்பிகளும் காற்றாடிகளும் இயங்க வேண்டும். எண்ணெயால் கொதிகலன் மெல்ல மெல்லச் சூடாக வேண்டும். பின்னரே நிலக்கரி. போதிய நீராவி சேர்ந்த பின்னரே சுழலி. சுழலியின் வேகம் நாட்டின் மின்வலையமைப்போடு ஒத்த பின்னரே இணைப்பு. எந்தப் படியையும் தாண்டிப் பாய முடியாது. அவசரப்பட்டால் உலோகம் வெடிக்கும். உலோகம் வெடித்தால் கண்ணுக்குத் தெரியும் என்பதால் மின் நிலையத்தில் வரிசையை மதிக்கிறார்கள். கணினியில் பதிவேடு வெடித்தால் சத்தம் கேட்பதில்லை. இதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

அரச சேவைகள் யாவும் கணினிமயமாவதை நாம் எதிர்க்கவில்லை. கண்டக்குழியிலிருந்து ஒரு பத்திரத்துக்காகப் புத்தளத்துக்கும் கொழும்புக்கும் அலைந்தவர்கள் அதனை எதிர்க்கவும் மாட்டார்கள். அவர்கள் கேட்கக்கூடியனவும் கேட்க வேண்டியனவும் நான்கு கேள்விகள்.

முதலாவது, அமைப்புப் பணிகள் எழுதி வைக்கப்பட்டுள்ளனவா? ஓர் அதிகாரியின் ஞாபகத்தில் மட்டும் உள்ள வரிசை, அவர் இடமாற்றம் பெறும்போது அவரோடு போய்விடும். பொருளாதார நெருக்கடியின் பின்னர் நாட்டை விட்டுச் சென்ற கணினித் துறையினரை எண்ணிப் பார்த்தால் இதன் அவசியம் புரியும்.

இரண்டாவது, இடையில் நின்ற பணியை மறுபடியும் தொடங்கினால் என்ன நேரும்? நன்கு எழுதப்பட்ட கோவை, எத்தனை தடவை ஓடினாலும் ஒரே விளைவையே தர வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயரை அது மீண்டும் சேர்க்கக் கூடாது. ஒருவரின் பெயர் இரு தடவை பதியப்படுவதும் விடுபட்டுப் போவதும் எத்தகைய அல்லலைத் தரும் என்பதை வாக்காளர் இடாப்போடு போராடிய இடம்பெயர்ந்தோர் அறிவர்.

மூன்றாவது, தோல்வியை அறிவிப்பவர் யார், அறிவிப்பைப் பெறுபவர் யார்? அறிவிப்பு வராத நாளை நல்ல நாளாகக் கொள்ளும் வழக்கம் மாற வேண்டும். "நேற்றிரவு பணி வெற்றியாக முடிந்தது" என்ற செய்தி நாள்தோறும் வர வேண்டும். அது வராத நாளே அபாயமணி அடிக்கும் நாள்.

நான்காவது, காப்புப் பிரதியிலிருந்து ஒரு கணினியை முழுமையாக மீள உருவாக்கிப் பார்த்தது எப்போது? தென் கொரியா தகவல் தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாடு. 2025 செப்டம்பர் 26 இல் அந்நாட்டின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் தீ பரவியபோது 600க்கும் மேற்பட்ட அரச சேவைகள் நிறுத்தப்பட்டன. அரச ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அளவில் அழிந்தன. அளவு மிகப் பெரியது என்பதால் அவற்றுக்கு வெளியிடத்தில் பிரதி வைக்கப்பட்டிருக்கவில்லை. செல்வந்த நாட்டுக்கு நேர்ந்தது நமக்கு நேராது என்று எண்ண இடமில்லை. 2023 இல் நமக்கு நேர்ந்தும் விட்டது.

இக்கேள்விகளுக்கு விடையளிக்கப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. அமைப்பு வரிசையை எழுதுதல், ஒவ்வொரு படியின் விடையையும் பரிசோதித்தல், குறிப்பேட்டை நாள்தோறும் வாசித்தல், ஆண்டில் சில தடவையாவது மீட்டெடுப்பை ஒத்திகை பார்த்தல் என்பன ஒழுக்கத்தின்பாற்பட்டவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் நமது கையில் உள்ளது. பாதுகாப்பு இரகசியங்களைக் கேட்காமல், ஒத்திகை நடந்ததா, எப்போது நடந்தது என்று மட்டும் ஒரு பிரதேசத்தின் பொது அமைப்புகளோ பள்ளிவாசல் நிருவாகமோ மீனவர் சங்கமோ எழுத்தில் கேட்கலாம்.

ஒரு முறை பதிவேட்டை இழந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும் மக்கள் வாழும் மண் இது. அவர்களின் பெயர்கள் மறுபடியும் தொலைவதற்குப் போர் தேவையில்லை. நள்ளிரவில் தோற்றுப்போன ஒரு பின்னணிப் பணியும், காலையில் அதனைப் பார்க்காத ஓர் அலுவலகமும் போதும். அதனைப் பார்க்க வைப்பது பொறுப்பிலுள்ளோரின் கடமை. அவர்கள் பார்க்கிறார்களா என்று கேட்பது நமது கடமை.